பெல்ட்டை இறுக்கியது நான்தான்

1

போன ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது என் லைனில் ஓவர்லாக் தைத்தவள். ஒன்பது வருடம் எனக்கும் அவளுக்கும் சண்டையும் சமாதானமுமாகவே போனது. நான் ஊரைவிட்டு வந்த பிறகு அவளும் ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். இருந்தாள் என்று எழுதவேண்டும்.

“ஏனக்கா, லைன நிறுத்திப்போட்டாங்கக்கா. ஆர்டர் இல்லீன்னுட்டாங்க. வந்தா கூப்படறோம்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. அவிய எப்பக் கூப்படறது, நான் எப்பப் போறது?” என்றாள். பிறகு பேச்சு என் பக்கம் திரும்பியது. “நீ அங்க போயி மூணு வேல மாத்திட்டயாம்ல. உனக்கு மட்டும் எப்படிக்கா மனசு வருது? எனக்கு இத உட்டா வேற ஒண்ணுந் தெரியாது.”

எல்லாம் சரியாயிரும் கண்ணு, மனச உட்ராத என்று ஏதோ சொல்லிவைத்தேன். போனை வைத்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்கு வேலை போன ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையே நானும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே கொல்கத்தாவில், எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, டாலிகஞ்ச் ஆட்டோ ஸ்டாண்டில், விஸ்வகர்மா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் இன்னும் வரவில்லை, அதனால் நிம்மதியாக யோசிக்க முடிந்தது. போன வருடம் இந்தப் பூஜையன்றுதான் என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். மனசு எப்படி வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு வந்த கதையை வேண்டுமானால் எழுதலாம். காளீஸ்வரி படிப்பாள். அவளைப்போல வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேறு நாலு பேரும் படிக்கட்டும்.

2

பதினொரு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு இங்கே மாற்றல் வந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. “மூணு வருஷந்தான் சாந்தா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்” என்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது என் மகள் தரணி தூக்கத்தில் வங்காளத்தில் உளறிக்கொண்டிருந்தாள்.

கொல்கத்தாவை வெளிநாடு என்றால் ஊரில் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் கடையில் தேங்காய் கேட்கக்கூடக் கையை ஆட்டிக் காட்டவேண்டியிருந்தது. கேஸ் இணைப்பு வாங்கப் போனால் சாந்தாமணி என்ற என் பெயரை ஷாந்தோமோனி என்று எழுதிக்கொடுத்தார்கள். அதைத் திருத்த மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். நாலாவதாக ஒரு ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு ஷாந்தோமோனியாகவே இருந்துவிடலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே என் முதல் வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டே அறை கொண்ட ஒரு நர்சரிப் பள்ளியில். நாற்பது மெஷினையும் நாற்பது வாயையும் அடக்கியவளுக்கு இருபது பிள்ளைகள் பெரிய விஷயமில்லை. எனக்குப் பிடித்திருந்தது. கொரோனாவில் மூடினார்கள், பிறகு திறக்கவில்லை. அந்த அறைகளில் இப்போது மோமோ கடை நடக்கிறது.

இரண்டாவது வேலை, சால்ட் லேக்கில் ஒரு கால் சென்டரில். தமிழ்நாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் பதில் சொல்லவேண்டும். திருச்சியில் வாங்கிய மிக்ஸி ஓடவில்லையென்றால் கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் மன்னிப்புக் கேட்பேன். நல்ல பெயரும் வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து அந்த வேலை முழுவதையும் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். என் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் இடம். “நீங்களும் அங்கேயே மாறிக்கலாமே மேடம், உங்க ஊர்தானே?” என்று எச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். வீட்டுக்காரருக்கு வேலை இங்கே, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணை அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் வந்ததை இன்றுவரை ஒரு சாதனையாகத்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் சும்மா கிடந்தேன். எழுந்து தலை சீவக்கூடப் பிடிக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டேன் என்றுதான் தோன்றியது. அந்தச் சமயத்தில் தரணி மருத்துவ நுழைவுத் தேர்வில் தேறவில்லை. இரண்டாம் முறை எழுத கோச்சிங்கில் சேர்ந்தாள். அந்த ஃபாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதியிருந்தாள். அதில் தப்பு ஒன்றுமில்லை. வீட்டில்தானே இருந்தேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அவள் இப்போதெல்லாம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நான் தமிழில் பேசினால் பாதி பதில் வங்காளத்தில் வரும். அதிகம் கேட்டால் “துர் பாபா!” என்ற சலிப்போடு கதவு சாத்தப்படும்.

3

அப்படிச் சும்மா கிடந்த நாட்களில் ஒருநாள், லேக் மார்க்கெட்டில் உளுந்தும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, அப்படியே கரியாஹாட்டில் ஒரு புடவைக்கு ஃபால் வைக்கக் கொடுக்கலாம் என்று போனேன். அங்கே நடைபாதையில் வரிசையாகப் பதினொரு கடைகள். புடவைக்கு ஃபால் வைத்து, முந்தானை ஓரம் பிரியாதபடி பீகோ தையல் போட்டுத் தருவார்கள். ஒவ்வொரு கடையும் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு பெண், அவ்வளவுதான். நான் போன கடைக்காரி பெயர் மினோதி. அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் மினோதிதி. ‘தி’ என்றால் இங்கே அக்கா.

அவர் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் ஊசியைத் திட்டினார், நூலைத் திட்டினார், பிறகு கவர்மென்டைத் திட்டினார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊசி திரும்பி மாட்டியிருக்கிறது என்று சொல்ல என் வங்காளம் போதவில்லை. காய்கறி வாங்கவும் ஆட்டோவில் இறங்கவும் மட்டுமே அது போதும். நானே எட்டி ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டி, பாபின் பெட்டியில் அடைத்திருந்த பஞ்சை ஊதினேன். மெஷின் ஓடியது. மினோதிதி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அப்போது ஹெல்மெட்டோடு வந்து நின்றவன் தபன், அந்த வரிசைக்கு மெக்கானிக். முப்பத்தொரு வயது. பாதி வங்காளமும் பாதி இந்தியுமாக என்னிடம் பேசினான். “தீதி, நீங்க மிஸ்திரியா?” என்று கேட்டான். மெக்கானிக்கா என்கிறான். இல்லை, திருப்பூரில் சூப்பர்வைசர் என்றேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்ததே! நாலு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் மரியாதை அது.

தபனுக்கு ஒரு பெரிய தையல் யூனிட்டில் நிரந்தர வேலை கிடைக்க இருந்தது. துர்கா பூஜைக்கு முன்னால் போய்விடுவான். “மூணு மாசம் என்கூட வாங்க தீதி. வீட்டுல தைக்கற பொம்பளைங்க, ஆம்பள மெக்கானிக்னா வீட்டுக்காரர் வந்தப்புறம் வாங்கன்னு சொல்றாங்க. நீங்கன்னா அந்தத் தொல்லை இல்ல. கடைக்காரங்க சரின்னு சொன்னா, கரியாஹாட்லேருந்து லேக் மார்க்கெட் வரைக்கும் எல்லா மெஷினும் உங்களுக்கு. அவங்க வேண்டாம்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

அன்று வீட்டுக்கு வந்து வாங்கி வந்த உளுந்து முழுவதையும் ஊறப்போட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். மறுநாள் மூன்று வேளையும் இட்லி.

வேலை கற்றுக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது. திருப்பூரில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதட்டிய ஆள் நான். பக்கத்தில் நின்று பார்த்தே பாதி வேலை எனக்குத் தெரியும். அந்தத் தெரிந்த பாதிதான் என்னைப் படுத்தியது. தபன் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் “தெரியும் தெரியும்” என்பேன். “தீதி, இது சின்ன மோட்டார். பெல்ட்டை நடுவுல விரல் வெச்சு அழுத்தினா கொஞ்சம் உள்ள போகணும்” என்று அவன் ஒருநாள் சொன்னான். அதற்கும் தெரியும் என்றேன்.

4

விஸ்வகர்மா பூஜைக்கு முதல்நாள் மினோதிதி போன் செய்தார். பெல்ட் வழுக்குகிறது, மெஷின் இழுக்கமாட்டேன் என்கிறது. “நாளைக்கு வேண்டாம், நாளன்னைக்கு வா” என்றார். எனக்கு அது புரிந்தது. ஆனால் துர்கா பூஜை சீசனில் மலைபோலப் புடவை குவிந்திருக்கும்போது ஒருநாள் எதற்கு வீணாக்க வேண்டும்? நாளைக்கே போய் நின்றால் இந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி என்று வரிசை முழுக்கப் பேசுமே என்று நினைத்தேன்.

விஸ்வகர்மா பூஜை எனக்குத் தெரியாதா என்றால், பத்து வருடமாகத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்பீக்கர் அலறும், வானம் முழுக்கப் பட்டம் பறக்கும், வீட்டுக்காரருக்கு ஆபீஸில் கிச்சடி போடுவார்கள். அது டிரைவர்களுக்கும் ஃபாக்டரி ஆண்களுக்குமான பூஜை என்றே நினைத்திருந்தேன். மெஷினுக்கு ஓய்வு என்றால் என் மண்டையில் அது ஆயுத பூஜையன்றுதான். நடைபாதையில் பீகோ போடும் ஒரு பெண்ணின் மெஷினும் இன்று தொடக்கூடாத மெஷின் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

நான் போனபோது மினோதிதி கடையில் இல்லை. பக்கத்துப் பந்தலுக்குப் பிரசாதம் வாங்கப் போயிருந்தார். மெஷின் மேல் செம்பருத்தி இருந்தது. அவர் தினமும்தான் ஒரு பூ வைப்பார், அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. பூவை எடுத்து ஓரமாக வைத்தேன். கொண்டுபோயிருந்த புதுப் பெல்ட்டை மாட்டி, மோட்டாரைக் கீழே இழுத்து முடுக்கி, ஓட்டிப் பார்த்தேன். கும்மென்று ஓடியது.

திரும்பிப் பார்த்தால், கையில் பிரசாதத் தட்டோடு மினோதிதி நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. “இன்னைக்கா? இன்னைக்கா மெஷினைத் திறந்தே?” என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் பதிலுக்குப் போட்டிருப்பேன். பக்கத்துக் கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூஜையன்று என் லைனில் ஒருத்தி கத்திரியை எடுத்ததற்கு நான் அவளை என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்! கைகூப்பிவிட்டு, டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மதியம் அந்த மோட்டார் புகைந்து நின்றது.

5

வரிசைக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை. பூஜையன்று கை வைத்தாள், மறுநாளே மோட்டார் கருகியது. தபன் தன்னிடமிருந்த ஒரு பழைய மோட்டாரை மாட்டிக்கொடுத்ததால் மினோதிதியின் வேலை நிற்கவில்லை. என் வேலைதான் நின்றது. எந்தக் கடைக்குப் போனாலும் “இன்னைக்கு மெஷின்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல தீதி” என்று புன்னகைத்தார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெஷின் கடகடவென்று உதறும். நாலு பேர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் புன்னகைதான் தாங்கவில்லை.

கருகிய மோட்டாரைத் தபனிடம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். “சோத்து மேசை மேல எதுக்கு இந்தக் கருமத்த வெச்சிருக்கற?” என்றார் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்.

மோட்டாரைத் தாங்கும் தகட்டில் ஒரு நீள ஓட்டை இருக்கும். அதில் மோட்டாரை ஏற்றி இறக்கித்தான் பெல்ட்டைத் தளர்த்துவதும் இறுக்குவதும். அந்த ஓட்டையின் கடைசி முனையில் வாஷர் அழுத்திய புதுத் தடம் பளபளவென்று இருந்தது. அவ்வளவு கீழே இழுத்திருக்கிறேன். மோட்டாரின் தண்டு சுற்றும் இடம் ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தது. திருப்பூர் கம்பெனியின் பெரிய மோட்டார்கள் அந்த இழுப்பைத் தாங்கும். இந்தக் கைப்பிடி அளவு மோட்டார் எப்படித் தாங்கும்? விரல் வைத்து அழுத்திப் பார் என்று தபன் சொன்னதைச் செய்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

தபனிடம் போய்ச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. மோட்டாரைக் கழற்றியபோதே அவனும் பார்த்திருக்கிறான்.

“இத யார்கிட்டயும் சொல்லாதீங்க தீதி” என்றான். “அன்னைக்குப் பூஜைன்னு தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லுங்க. வெளியூர்க்காரி, பாவம், நம்ம வழக்கம் தெரியாதுன்னு விட்டுடுவாங்க. பத்து நாள்ல மறந்துடும். பெல்ட்டுனு சொன்னீங்கன்னா வேலை தெரியாதவங்கன்னு ஆகிடும். அப்புறம் யாரும் மெஷின் கொடுக்கமாட்டாங்க. சாமி மேல பழி இருக்கட்டுமே. சாமிகிட்ட யார் சண்டைக்குப் போறாங்க?”

அவன் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான். இரண்டு நாள் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். என்ன சொல்லலாம் என்று குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்தேன். அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. கால் சென்டரில் பேசிய அதே குரல். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இரண்டு வருடம், நான் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இப்போது நானே செய்த தப்பு ஒன்று கையில் இருக்கிறது, அதைச் சாமி தலையில் கட்டப் போகிறேனாக்கும். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

6

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல என் வங்காளம் காணாது. தரணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

“துர் பாபா, பூஜைன்னு தெரியாதுன்னு சொல்லிரும்மா. அதான் ஈஸி.”

“ஈஸின்னு எனக்கும் தெரியும். நீ வந்து நான் சொல்றத அப்படியே சொல்லு. போதும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கடையில் மினோதிதி தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் தமிழில் சொன்னேன். பெல்ட்டை மாட்டியது நான். அளவுக்கு மீறி இறுக்கியதும் நான். மோட்டார் கருகியது அதனால்தான். தபன் முன்பே சொல்லிக்கொடுத்தும் நான் கேட்கவில்லை.

தரணி அதை வங்காளத்தில் சொல்ல ஆரம்பித்தாள். என் மகள் அவ்வளவு அழகாகப் பேசுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மினோதிதியே நிமிர்ந்து பார்த்தார். ஆனால் நடுவில் ‘புரோனோ’ என்று ஒரு வார்த்தை வந்தது. பழசு என்று அர்த்தம். காய்கறிக் கடையில் நான் தினமும் சண்டை போடும் வார்த்தை அது. பெல்ட் பழசாக இருந்தது, அதனால் அம்மா கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது என்று என் பிள்ளை எனக்காகப் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள்.

“நா” என்றேன். வங்காளத்தில் இல்லை என்பதற்கு அவ்வளவுதான்.

தரணி திரும்பிப் பார்த்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். “பெல்ட் புரோனோ நா. நோதுன். ஆமி டைட். பேஷி டைட்.” பெல்ட் புதுசு, நான் டைட், ரொம்ப டைட். என் வலது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “ஆமார் ஹாத். தாக்குர் நா. ஆமி.” என் கை. சாமி இல்லை. நான்.

மெஷின் நின்றது. பக்கத்துக் கடைகளிலும் நின்றது. சரி, எல்லாம் முடிந்தது, நாளையிலிருந்து மறுபடியும் கட்டில்தான் என்று நினைத்தேன்.

“ஷொத்தி?” என்றார் மினோதிதி. நிஜமா? மறுபடியும் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

அழுகைக்கு நடுவே அவர் சொன்னதைத் தரணி எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த முறை ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

“மா, அன்னைக்கு நீ போனதுக்கப்புறம் அவங்க அந்த மெஷின்ல ரெண்டு புடவைக்குப் பீகோ போட்டாங்களாம். கஸ்டமர் நின்னுட்டு இருந்தாங்களாம். மெஷின் நல்லா ஓடுதேன்னு ஆசைப்பட்டுத் தச்சுட்டாங்களாம். பூஜை நாள்ல தச்சதாலதான் மோட்டார் போச்சுன்னு நெனச்சாங்களாம். யார்கிட்டயும் சொல்லலையாம். இந்த வருஷம் முழுசும் கெட்டதுதான் நடக்கும்னு தெனம் பயந்துட்டே கடைய திறந்தாங்களாம். பையனுக்கு ஒடம்பு சரியில்லாமப் போனப்போகூட, தன்னாலதான்னு நெனச்சாங்களாம்.”

அடிப்பாவி, அப்படியானால் இத்தனை நாள் வரிசை முழுக்க என்னைப் பழித்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தாயா என்று ஒரு நிமிஷம் எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அழுகிற முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. பெல்ட் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லாததால் அந்த அம்மாள் எத்தனை நாள் பயத்தில் கிடந்திருக்கிறார். நான் தபன் பேச்சைக் கேட்டுச் சாமி மேல் போட்டிருந்தால் வருடம் முழுக்கக் கிடந்திருப்பார்.

கண்ணைத் துடைத்தவுடன் மினோதிதி என்னைத் திட்ட ஆரம்பித்தார். பெல்ட்டை இப்படியா இறுக்குவாய், இது என்ன மாட்டு வண்டியா, தபன் சொன்னால் காதில் வாங்கமாட்டாயா, திருப்பூர் என்றால் பெரிய கொம்பா? வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டினார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. மெக்கானிக்கைத் திட்டும் திட்டு அது. ஓய்ந்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து, “உட்கார். இப்ப மாட்டியிருக்கிற பெல்ட்டைப் பார்” என்றார்.

உட்கார்ந்தேன். விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன்.

கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொடுத்தது நான். தபன் யூனிட்டுக்குப் போனபோது பதினொரு கடையில் எட்டுக் கடைகள் என்னிடம் வந்தன. இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கடைக்காரி இன்றைக்கும் புன்னகைத்துக்கொண்டுதான் இருக்கிறார். இருக்கட்டும். அவர் மெஷின் உதறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நானும் போய்வருகிறேன்.

காளீஸ்வரி, மனசு எப்படி வருகிறது என்று கேட்டாயே. பள்ளி மூடியது என் தப்பில்லை. கால் சென்டர் போனதும் என் தப்பில்லை. உன் லைன் நின்றதும் உன் தப்பில்லை. யாரோ எங்கோ செய்ததை நாம் எப்படிச் சரிசெய்வது? அதனால்தான் அந்த நாலு மாதம் எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. இந்த முறை தப்பு என் கையில் இருந்தது. கையில் இருந்ததால் அதைத் திருத்தவும் முடிந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ புதிதாக எதையாவது தொட்டுப் பார். தப்பாகத்தான் வரும். வந்தால் எனக்குப் போன் பண்ணு.

7

இதையும் எழுதிவிடுகிறேன். மினோதிதியிடம் ஒப்புக்கொண்ட அன்று மாலை நானும் தரணியும் கரியாஹாட்டிலிருந்து ஆட்டோவில் வந்தோம். பின்சீட்டில் எங்களோடு ஒரு கல்லூரிப் பெண், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர். துர்கா பூஜைக்குத் துணி வாங்க வந்த கூட்டத்தில் வண்டி நகரவேயில்லை. வீட்டில்கூட வங்காளம் பேசும் என் மகள், மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று மெதுவாகத் தமிழில் பேசினாள்.

“மா, நான் கோச்சிங் போகல.”

“இன்னைக்கா?”

“ரெண்டு வாரமா.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது? தினமும் காலையில் டிபன் கட்டிக்கொடுத்தேனே! ஆட்டோவில் ஆள் இல்லாதிருந்தால் கத்தியிருப்பேன்.

“அப்பறம் டிபன் டப்பாவத் தூக்கிட்டு எங்க போன?”

“லேக் பக்கம் உக்காந்திருப்பேன். அங்கயே சாப்பிட்டு வந்துருவேன்.” அவள் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். “எனக்கு அது வராதும்மா. போன தடவையே தெரியும். நீயும் வேலை போய் படுத்திருந்தே. நானும் வராதுன்னு சொன்னா நீ என்ன ஆவேன்னு பயமா இருந்துச்சு.”

என்னைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அதுதான் இருந்திருக்கிறது.

“சரி, வேற என்ன படிக்கணும்?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா பாத்துத் தெரிஞ்சுக்கலாம். நான் இந்த வயசுல பெல்ட் மாட்டக் கத்துக்கறேன். உனக்கு என்ன அவசரம்?” என்றேன். “ஆனா அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லோணும். நான் சொல்லட்டுமா?”

அவள் யோசித்தாள். டாலிகஞ்ச் வந்து, வண்டி ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கும்வரை யோசித்தாள். பிறகு என் டூல் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வேண்டாம், நானே சொல்றேன். நீ பக்கத்துல நில்லு. நான் மாத்திச் சொன்னா, நீ ‘நா’ன்னு சொல்லு.”